சூடான கரைசல் ஆறினால் எவ்வளவு உப்பு படியும்?

வேதியியல் தேர்வில் பலரைத் திணறடிக்கும் கேள்வி இது: 60 பாகை செல்சியஸில் தெவிட்டிய பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் 300 கிராம் இருக்கிறது. அதை 20 பாகைக்குக் குளிர வைத்தால் எத்தனை கிராம் படிகம் கிடைக்கும்?

முதலில் கரைதிறனைப் பார்ப்போம். 100 கிராம் நீரில் அதிகபட்சம் எத்தனை கிராம் உப்பு கரையும் என்பதே கரைதிறன். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு அது 60 பாகையில் ஏறக்குறைய 110 கிராம்; 20 பாகையில் 32 கிராம். ஆகவே, 100 கிராம் நீர் குளிரும்போது 110 – 32 = 78 கிராம் படிகமாகப் பிரியும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். 300 கிராம் என்றதும் 78 × 3 = 234 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால், கேள்வியில் இருப்பது 300 கிராம் நீர் அல்ல, நீரும் உப்பும் சேர்ந்த கரைசல். 100 கிராம் நீரும் 110 கிராம் உப்பும் சேர்ந்தால் 210 கிராம் கரைசல். அதிலிருந்து 78 கிராம் படியும் என்றால், 300 கிராமிலிருந்து 78 × 300 ÷ 210 = 111 கிராம் படியும்.

விடையைச் சரிபார்ப்பதும் எளிது. 300 கிராம் கரைசலில் உள்ள மொத்த உப்பே 157 கிராம்தான். அதிலிருந்து 234 கிராம் எப்படி வரும்? 111 கிராம் படிந்த பின் 46 கிராம் எஞ்சும். மீதியுள்ள 143 கிராம் நீர் 20 பாகையில் கரைத்து வைத்திருக்கக்கூடியதும் அதே 46 கிராம்தான்.

ஓர் எச்சரிக்கை: காப்பர் சல்பேட் படிகம் நீரையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு பிரியும். அதற்கு இந்த நேரடிக் கழித்தல் பொருந்தாது.

எல்லா உப்பும் குளிர்ந்தால் படிந்துவிடாது. சமையல் உப்பின் கரைதிறன் 60 பாகையில் 37 கிராம், 20 பாகையில் 36 கிராம். குளிர வைத்தால் கிடைப்பது ஒரு கிராம்தான். தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் வற்ற வைப்பது இதனால்தான். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டையோ பீகாரில் மண்ணிலிருந்து கரைத்து, காய்ச்சி, ஆறவைத்து எடுத்தார்கள். வெடிமருந்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பல் கப்பலாக வாங்கியது.

நம் ஜோகூரிலும் இதற்கு நெருங்கிய தொழில் உண்டு. பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் ஆலைகள் இருக்கின்றன. செம்பனை எண்ணெயை மெல்லக் குளிர வைத்தால் ஸ்டீரின் படிகமாகும்; அதை வடிகட்டினால் சமையலுக்கான ஓலின் கிடைக்கும்.

அடுத்த முறை இப்படிக் கேள்வி வந்தால், 'நீர்' என்ற சொல்லா, 'கரைசல்' என்ற சொல்லா என்று பார்த்துக் கோடிட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.