தொழிற்கல்வியின் செலவும் வரவும்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததும், கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நிகழும். பிள்ளையைப் பொறியியற் பட்டத்துக்கு அனுப்புவதா, தொழினுட்பக் கல்லூரியில் ஒரு தொழிலைப் பழக்கி உழைப்புக்கு விடுவதா என்பதே அப்பேச்சு. வாப்பா ஒரு தொகையைச் சொல்வார். உம்மாவோ தங்கைக்குக் கட்டவேண்டிய வீட்டை நினைவூட்டுவார். பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் வேரூன்றிய இக்கரையில், மகனின் படிப்பும் மகளின் வீடும் ஒரே பெட்டியிலிருந்துதான் புறப்படவேண்டும்.

இப்பகுதிக்குத் தொழினுட்பக் கல்வி புதியதன்று. 1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்தது. அதன் பின்னர் நீர்ப்பாசன வேலைகளுக்குப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டப்பட்டன. அம்பாறையில் ஹார்டி நிறுவனம் தோன்றியதும் அக்காலத்திலேயே. இன்று சம்மாந்துறையில் தொழினுட்பக் கல்லூரியும் உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனமும் உள்ளன. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடமும் இருக்கின்றது.

"அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கல்வி இலவசமாயிற்றே, செலவு என்ன?" என்று கேட்போர் உளர். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி நமக்குக் கிடைத்த பெரும் பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் பட்டத்தின் பெருஞ்செலவு, கட்டணமாகக் கையிலிருந்து போகும் பணமன்று. கைக்கு வந்திருக்கவேண்டிய, ஆனால் வராது போன பணமே.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் உங்கள் ஊர் நிலவரத்துக்கேற்ப அவற்றை மாற்றிக்கொள்ளலாம். இரு நண்பர்களுக்கு வயது இருபது. பல்கலைக்கழக நுழைவுக்கு ஒருவன் காத்திருந்த காலத்தில், மற்றவன் மின்னிணைப்புத் தொழிலில் பயிற்சியை முடித்து, மாதம் 60,000 ரூபா உழைக்கத் தொடங்குகிறான். மாணவன் நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம், இதை இழக்கிறான். அது 28 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. மொறட்டுவையிலோ பேராதனையிலோ தங்கிப் படிப்பதற்கு மாதம் 20,000 ரூபா மேலதிகமாகச் செலவானால், அது 9 இலட்சத்து 60 ஆயிரம். ஆக மொத்தம் 38 இலட்சத்து 40 ஆயிரம்.

பட்டம் பெற்றவன் நண்பனைவிட மாதம் 40,000 ரூபா கூடுதலாகச் சம்பாதித்தால், இத்தொகையை ஈடுசெய்ய 96 மாதம் செல்லும். எட்டு ஆண்டு! முப்பத்திரண்டு வயதில்தான் இருவரும் சமநிலைக்கு வருவார்கள். வீட்டிலிருந்தே ஒலுவிலுக்குப் போய்வந்து படித்தால், பஸ் செலவை நீக்கிப் பார்க்குமிடத்து, அந்த எட்டு ஆண்டு ஆறாகக் குறையும். அறை வாடகையும் கடைச் சோறும் இரண்டு ஆண்டு உழைப்பை விழுங்குகின்றன என்பதை இதனால் அறியலாம். பெண்பிள்ளைகளைத் தூர அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இது வேறொரு காரணத்தாலும் உவப்பான செய்தியாகும்.

இனி, பட்டத்தின் பின்னர் உத்தியோகத்துக்காக இரண்டு ஆண்டு வீட்டில் இருக்க நேர்ந்தால் என்னாகும்? இழப்பு 52 இலட்சத்து 80 ஆயிரமாக உயரும். அதை ஈடுசெய்யப் பதினொரு ஆண்டு வேண்டும். அப்போது வயது முப்பத்தேழு. மின்வேலை செய்தவனின் கூலியும் இதற்கிடையில் ஏறியிருக்கும். மாப்பிள்ளை பார்க்கும் இடத்தில் எஞ்சினியர் என்ற சொல்லுக்குள்ள விலையை நான் இக்கணக்கிற் சேர்க்கவில்லை, சேர்த்துக்கொள்வோரும் உண்டு.

ஆகவே, கற்கும் நான்கு ஆண்டைவிடக் காத்திருக்கும் இரண்டு ஆண்டே பயப்படத்தக்கது. படிக்கும்போதே வேலைத்தலப் பயிற்சி பெற்றவனுக்கு அக்காலம் சுருங்கக்கூடும். கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனமொன்றை நாடுவோர் இதனை இருமடங்கு கவனிக்கவேண்டும். வட்டிக்கு வாங்க மனம் ஒப்பாத குடும்பம், வயலைச் சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே குத்தகைக்குக் கொடுத்துப் பணம் பெறுகின்றது. பெரும்போகமும் சிறுபோகமுமாக நான்கு ஆண்டில் எட்டுப் போக நெல் வீட்டுக்கு வராது. அந்த நெல்லையும் கட்டணத்தோடு சேர்த்தே எழுதவேண்டும்.

பணம் கட்டுமுன் அந்நிறுவனம் தரும் சான்றிதழ் எவரால் ஏற்கப்படும் என்று விசாரித்தல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையமாயின், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு உண்டா என்று பார்க்கலாம். நமது நாட்டின் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை கைத்தொழிலாளருக்குரிய சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு இணையானது. கட்டாருக்கோ சவூதிக்கோ போக எண்ணுபவனுக்கு, "நன்றாக வேலை தெரியும்" என்ற வாய்ச்சொல்லைவிட இம்மட்டம் எழுதிய தாள் உதவும்.

தொழிலுக்குப் போனவனுக்குப் பட்டத்தின் வாயில் அடைபட்டுவிடவுமில்லை. 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கின்றது. தொழிற்றகைமை மட்டங்களின் வழியே ஏறி வந்தோர் அங்கே பட்டம் பயிலலாம். உழைத்துக்கொண்டே படிப்பவனுக்கு நான் முன்னர் சொன்ன 28 இலட்சத்தில் பெரும்பகுதி மிஞ்சும். ஆனால் கல்முனையிலிருந்து இரவு பஸ்சில் கொழும்புக்குப் போய், வகுப்பு முடிந்து மீண்டும் இரவோடிரவாகத் திரும்பி, விடிந்ததும் வேலைக்குப் போகும் உடம்பின் களைப்பை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.