அரையிடுக்குச் சிவப்பும் அடுத்த ஊர் மருந்துக்கடையும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம். அந்தப் பயணத்தை ஒரு களிம்புக்காகவே செய்கிறவர்கள் இரண்டு ஊரிலும் உண்டு. உள்ளூர் மருந்துக்கடைக்காரர் தெரிந்த மனிதர். கடை வாசலில் யாராவது உறவுக்காரர் நிற்பார். அதனால் அடுத்த ஊருக்குப் போய், கூட்டமில்லாத நேரம் பார்த்து, "இடுக்குல அரிப்பா இருக்குண்ணே, ஏதாவது டியூப் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். பெண்களுக்கு இந்த வழிகூட இல்லை. பிறப்புறுப்பில் சிவப்போ வீக்கமோ வந்தால் அதை வீட்டில் வாய் திறந்து சொல்லவே அவர்களுக்குப் பல வாரம் ஆகிறது.

அந்த டியூபில் பெரும்பாலும் ஒரு பூஞ்சைக்கொல்லியும் ஓர் ஆன்டிபயாடிக்கும், கூடவே கிளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். தடவிய இரண்டாம் நாளே சிவப்பு மங்கும், அரிப்பு நிற்கும். குணமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் ஸ்டீராய்டு அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பை அடக்கியிருக்கிறது. அரிப்புக்குக் காரணமான படர்தாமரைப் பூஞ்சை தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். களிம்பை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாக வெளியே தெரியும். உடனே இன்னொரு டியூப் வாங்குவார்கள். விதைப்பைத் தோல் மிக மெல்லியது. முன்கைத் தோலைவிடச் சுமார் 40 மடங்கு ஹைட்ரோகார்ட்டிசோனை அது உறிஞ்சுகிறது என்று 1960-களிலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் தடவினால் தோல் நைந்து, தொடை இடுக்கில் பிரசவக் கோடு போன்ற வரிகள் விழும். அவை மறையாது. பிறகு எதுவுமே தடவாதபோதும் எரிச்சலும் சிவப்பும் நிலைத்துவிடும்.

கடந்த பத்தாண்டுகளில் இந்தியா முழுக்க அடங்காத படர்தாமரை பரவியதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வழக்கமான மருந்துக்கு மசியாத அந்தப் பூஞ்சைக்கு 2020-இல் வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் பல ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சீட்டில்லாமல் விற்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் புகார் தரலாம். அதற்கு பில் வேண்டும். கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்துதான் வேண்டும். அதையும் மருத்துவர் சொல்லும் வாரங்கள் முழுக்கத் தொடர வேண்டும். தோல் தெளிந்துவிட்டதென்று பாதியில் விடக் கூடாது.

இந்த இரண்டு ஊர்களில் இந்த நோய் இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு வேலையும் ஒரு காரணம். ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்களில் நூல் அறுந்துவிடாமலிருக்கக் காற்றில் ஈரத்தை ஏற்றி வைப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் எந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் ஒரு ஷிப்டு முழுக்க நடக்கிறார். வியர்வையில் ஊறிய உள்ளாடையும் பாலியஸ்டர் யூனிஃபார்மும் இடுக்கில் உரசிக்கொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்படியில் நிற்பவருக்கும் இதே பாடுதான். மாதவிலக்கு நாளில் ஒரே நாப்கினை ஷிப்டு முடியும்வரை வைத்திருக்கும் பெண்களுக்கு, கிருமி எதுவும் இல்லாமலே தோல் சிவந்து புண்ணாகும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், கைகால் கழுவத் தண்ணீரும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் முதலே நிர்வாகத்தின் கடமை. கழிப்பறைக்குப் போக மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருந்தகத்தில் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கும். மாதாமாதம் கட்டுகிற பணம் அது.

மில் ஹாஸ்டல் என்றால் சிரங்கையும் நினைவில் வைக்க வேண்டும். இரவில் கூடும் அரிப்பும், விதைப்பையிலோ ஆண்குறியிலோ உருண்டை உருண்டையான சிவந்த முடிச்சுகளும் அதன் அடையாளம். பெர்மெத்ரின் களிம்பை அறையிலிருக்கும் அனைவரும் ஒரே இரவில், கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவினால்தான் போகும். ஒருவர் மட்டும் தடவினால் ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

பலர் அறியாத காரணம் ஒன்று உண்டு. அதனால் குடும்பங்கள் கலங்கியதும் உண்டு. வயிற்றுப்போக்குக்கு நார்ஃப்ளாக்சசின்–டினிடசோல் போன்ற மாத்திரையையோ, காய்ச்சலுக்கு ஒரு வலி மாத்திரையையோ விழுங்குகிறார். அன்றோ மறுநாளோ ஆண்குறி முனையில் வட்டமாகச் சிவந்து, எரிந்து, சில சமயம் கொப்புளமாகிறது. பிறகு கறுத்த தழும்பு நிற்கும். அதே மாத்திரையை எப்போது சாப்பிட்டாலும் அதே இடத்தில் வரும். இது மருந்து ஒவ்வாமை. மனைவியோ கணவனோ சந்தேகப்பட இதில் எதுவுமில்லை. அந்த மாத்திரையின் பெயரை எழுதி வைத்து, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டும். டெட்டால் ஊற்றிக் கழுவுவதாலும், வாசனை சோப்பாலும், முடி நீக்கும் க்ரீமாலும் இப்படித் தோல் வெந்துபோவதுண்டு. அந்த இடத்துக்குச் சாதாரணத் தண்ணீரே போதும்.

தயிர்த் திப்பிகள் போல வெள்ளைப்படுதலும் அரிப்பும் சிவப்பும் இருந்தால் கேண்டிடா என்ற பூஞ்சைதான் பெரும்பாலும் காரணம். கர்ப்ப காலத்திலும், ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் இது வரும். ஆணுக்கு நுனித்தோல் சிவந்து வெடித்து, பின்னுக்கு இழுக்க முடியாமல் வலித்தால் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும்; நீரிழிவு முதன்முதலாகத் தெரியவருவதே பலருக்கு இப்படித்தான். ஏற்கெனவே நீரிழிவுக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அங்கே பூஞ்சை எளிதில் வளரும். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலரிடம் அரிப்பைச் சொன்னாலே போதும், அவர் வழிகாட்டுவார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பால்வினைத் தொற்று எல்லாச் சிவப்புக்கும் காரணமாகாது; ஆனால் புண், சீழ், கொப்புளம், அரையில் நெறி கட்டுவது என்றிருந்தால் அதையும் பார்த்தே ஆக வேண்டும். சிஃபிலிஸ் புண் வலிக்காது, தானாகவே ஆறியும்விடும். கிருமி மட்டும் உடம்பில் தங்கிவிடும். ஹெர்ப்பிஸ் சின்னக் கொப்புளங்களாக வந்து சுரீர் என்று வலிக்கும். அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையத்தில் இதற்கென்றே நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் இலவசம்: வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, ஹெர்ப்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். துணைவருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதமில்லாமல் அதைச் செய்யவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-இன் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் சொல்கிறது. பேரைச் சொல்லாமல் விவரம் கேட்க 1097.

ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. பத்து முதல் இருபது வயதுக்குள் இருக்கும் பையனுக்குத் திடீரென்று ஒரு பக்க விதை வலித்து, வீங்கி, வாந்தியும் வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்ற விதையைக் காப்பாற்றச் சுமார் ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. "சூடு பிடிச்சிருக்கு" என்று விளக்கெண்ணெய் வைத்துப் படுக்கப் போடும் பழக்கத்தில் அந்த நேரம் கரைந்துபோகிறது. பையனும் அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வான். ஆகவே வயிற்றுவலி என்கிற பையனிடம் அங்கேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள். அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கே நேராகப் போக வேண்டும். ராஜபாளையத்திலிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்குக் குறையாது. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குவதால் இப்போது தூரம் குறைந்திருக்கிறது. 108-ஐ அழைத்து, விதை வலி என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

நீரிழிவுக்காரருக்கு விதைப்பையிலோ ஆசனவாய் அருகிலோ சிவந்து, தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலியும் காய்ச்சலும் வந்து, தோல் கறுக்கத் தொடங்கினால் அது சதையை அழுகவைக்கும் தொற்று. அன்றே அறுவை செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து. குடலிறக்கம் திரும்பப் போகாமல் கெட்டியாகி வாந்தி வருவதும், பின்னுக்கு இழுத்த நுனித்தோல் அங்கேயே இறுகிக்கொள்வதும் அவசரம்தான். பெண்ணுறுப்பின் ஒரு பக்கத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி வந்து நடக்க முடியாமல் போனால் அது சீழ் கட்டிய பார்தோலின் சுரப்பி. கீறி வடிய விட்டால் அன்றே நிம்மதி.

குழந்தைகளுக்கு வருகிற சிவப்பு பெரும்பாலும் டயாப்பராலும் கீரைப்பூச்சியாலும் சோப்பாலும்தான். விதைப்பையோடு முகமும் காலையில் வீங்கியிருந்தால் சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். ஆனால் காயமோ ரத்தமோ தெரிந்தாலும், குழந்தை ஒருவரைக் கண்டு மிரண்டாலும் 1098-ஐ அழையுங்கள். போக்சோ சட்டப்படி வழக்குப் பதிவாகும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். தனியார் மருத்துவமனையும் பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும்.

பெரியவர்களுக்கும் இந்த மரியாதை உண்டு. ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் பார்க்கச் சொல்லவும், வரிசையில் நிற்பவர் காதில் விழாமல் பேசச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாதமொரு முறை லாட்ஜில் அறையெடுத்து உட்காருபவர்கள் ஆண்மைக்கும் மேகநோய்க்கும் கேரன்டி தரும் விளம்பரங்கள் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; பணம் கொடுத்து ஏமாந்தவர் வெட்கப்பட்டு விட்டுவிடத் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இலவச சட்ட உதவி தரும் ஆணைக்குழுவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கின்றன. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் புகாருக்குக் கட்டணமில்லை; இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இதுவரை தடவிய டியூபையும், கடைசி ஒரு மாதத்தில் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் அங்கே எதையும் தடவாமலிருந்தால், நோயின் உண்மையான முகம் அவருக்குத் தெரியும்.