விசையின் திருப்பம்: உயரம் கூட்டிய பிக்கப்பும் இழுவைப் பெட்டியும்

மாணவர்களே, விசையின் திருப்பம் பற்றிய பாடத்தில் ஏற்றப்பலகையையும் சாவியையும் மட்டும் உதாரணமாக எழுதிப் பழகியவர்களுக்கு, வாகனத்தைப் பற்றிய வினா வந்தால் கை நடுங்கும். உண்மையில் அங்கும் அதே சமன்பாடுதான். திருப்பம் = விசை × தாங்குபுள்ளியிலிருந்து விசையின் தாக்கக்கோட்டுக்கான செங்குத்துத் தூரம். அலகு நியூற்றன் மீற்றர். இதனை அமெரிக்க வீதிகளில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு காட்சியைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

அங்கு பலர் பிக்கப் வாகனத்தின் தொங்கல் அமைப்பை மாற்றி, பெரிய ரயர்களும் பூட்டி, உடலை 15, 20 சென்ரிமீற்றர் உயர்த்திவிடுவார்கள். காட்டுப் பாதையில் அடிப்பாகம் கல்லில் முட்டாமல் ஓட அது உதவும். பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பதற்காகச் செய்பவர்களும் உண்டு. அதே வாகனத்தின் பின்னால் படகு, குதிரை, மரச்சாமான் ஏற்றிய ட்ரெய்லரைக் கொளுவி, நெடுஞ்சாலையில் இழுப்பார்கள். ட்ரெய்லர் என்பது நம்மூர் உழவு இயந்திரத்தின் பெட்டியைப் போன்றதே. அதன் முன்தண்டு, பிக்கப்பின் பின்புறம் உள்ள ஓர் இரும்புக் குண்டின்மேல் அமரும். சிக்கல் அந்தக் குண்டில்தான் தொடங்குகின்றது.

முதலில் உயர்த்தாத நிலையில் கணிப்போம். பெட்டியினதும் சுமையினதும் மொத்த நிறை 20 000 நியூற்றன் எனக் கொள்க (திணிவு 2000 கிலோகிராம், ஈர்வை ஆர்முடுகல் 10). பெட்டியின் சில்லு அச்சிலிருந்து குண்டு 5 மீற்றர் முன்னால் உள்ளது. புவியீர்ப்பு மையம் அச்சுக்கு 0.6 மீற்றர் முன்னால் உள்ளது. அச்சைப் பற்றித் திருப்பம் எடுத்தால், வலஞ்சுழித் திருப்பமும் இடஞ்சுழித் திருப்பமும் சமன்.

P × 5 = 20 000 × 0.6
P = 2400 நியூற்றன்

குண்டு பெட்டியை 2400 நியூற்றனால் மேல்நோக்கித் தாங்குகின்றது. எனவே நியூற்றனின் மூன்றாம் விதிப்படி பெட்டியும் குண்டை அதே விசையால் கீழ்நோக்கி அழுத்துகின்றது. இது மொத்த நிறையில் 12 சதவீதம். இவ்வகை ட்ரெய்லருக்கு 10 தொடக்கம் 15 சதவீதம் வரை முன்னால் அழுத்த வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. அதிலும் குறைந்தால் ஓடும்போது பெட்டி நாயின் வாலைப் போல இருபுறமும் ஆடத் தொடங்கி, இழுக்கும் வாகனத்தையே புரட்டிவிடலாம். சுமையைப் பின்னால் ஏற்றினால் உழவு இயந்திரப் பெட்டியின் முன்தண்டு மேலே கிளம்புவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

அழுத்தம் கூடினாலும் தீங்குதான். பிக்கப்பின் பின்அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் குண்டு உள்ளது, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.6 மீற்றர் என்றால், பின்அச்சைப் பற்றிய திருப்பம் 2400 × 1.2 = 2880 நியூற்றன் மீற்றர். அதை 3.6 ஆல் வகுக்க 800 வரும். அதாவது முன்சில்லுகள் மீதுள்ள சுமை 800 நியூற்றனால் குறைகின்றது. பின்சில்லுகள் மீது கூடுவது 2400 அல்ல, 3200 நியூற்றன். இந்த இடத்தில்தான் பலர் 2400 என்று எழுதிப் புள்ளியை இழப்பார்கள். வாகனத்தைத் திருப்புவது முன்சில்லு. அது இலேசானால் உராய்வு குறைந்து, வளைவில் சாரதி சொன்னபடி வாகனம் கேளாது.

இப்போது பிக்கப்பை உயர்த்துவோம். குண்டு 20 சென்ரிமீற்றர் மேலே போகின்றது. பெட்டி முன்பக்கம் தூக்கி நிற்கின்றது. 5 மீற்றருக்கு 0.2 மீற்றர் என்றால் சாய்வு 0.04. புவியீர்ப்பு மையம் அச்சுக்கு மேல் 1 மீற்றர் உயரத்தில் இருந்தால் அது 4 சென்ரிமீற்றர் பின்னோக்கி நகரும். 0.6 என்பது 0.56 ஆக, P = 2240 நியூற்றன். 12 சதவீதம் 11.2 ஆகிவிட்டது. சிறிய மாற்றம்தானே என்று விட்டுவிடக் கூடாது. சரியாகக் கட்டாத சுமை அந்தச் சாய்வில் பின்னோக்கி வழுக்கினால் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. இரண்டு அச்சுள்ள பெட்டியில் நிலைமை இன்னும் மோசம். முன்அச்சு இலேசாகி, பின்அச்சின் ரயர்கள் பெரும் பங்கைச் சுமக்கும்.

ஆகவே பெட்டி தரைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். இதற்காக, கீழ்நோக்கி வளைந்த இணைப்புச் சட்டம் ஒன்றைப் பூட்டிக் குண்டைப் பழைய உயரத்துக்கு இறக்குவார்கள். சாய்வு நீங்கிவிடும். ஆனால் உயர்த்தியதன் விலை இன்னோரிடத்தில் கேட்கப்படும். பெட்டிக்குத் தனியான பிறேக் இல்லை, வாகனம் செக்கனுக்குச் செக்கன் 3 மீற்றர் அமர்முடுகலுடன் நிற்கின்றது என்க. அப்போது பெட்டி குண்டை 2000 × 3 = 6000 நியூற்றனால் முன்னோக்கித் தள்ளும். சட்டம் 0.2 மீற்றர் கீழே தொங்குவதால் அதன் மேல்முனையில் 1200 நியூற்றன் மீற்றர் திருப்பம் உண்டாகும். உயர்த்தாத வாகனத்தில் குண்டும் அது பூட்டப்படும் துளையும் ஒரே மட்டத்தில் இருந்தால் இத்திருப்பமே இல்லை. சட்டம் நீள நீள இதுவும் கூடும். எனவே அச்சட்டத்தில் பொறித்துள்ள தாங்கும் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். பெட்டிக்கே மின்பிறேக் இருந்தால் அந்த 6000 பெருமளவு குறையும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சுமார் 1360 கிலோகிராமுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனிப் பிறேக் சட்டப்படி தேவை.

பெரிய ரயரும் கணக்கில் சேரும். சில்லின் முறுக்கம் 1800 நியூற்றன் மீற்றராக இருக்க, ஆரை 40 சென்ரிமீற்றர் என்றால் தரையில் கிடைக்கும் விசை 4500 நியூற்றன். ஆரை 45 ஆனால் 4000 மட்டுமே. பிறேக்கின் முறுக்கத்துக்கும் இதே கதை. வாகனம் உயர்ந்து கம்பீரமாகத் தெரிந்தாலும் அதன் இழுக்கும் வலு உயர்வதில்லை.

பெட்டி ஆடத் தொடங்கினால் சாரதி பிறேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்ரேரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, பெட்டியின் பிறேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். பின்னால் இழுபட்டால் பெட்டி மீண்டும் நேர்க்கோட்டுக்கு வரும். வேகமும் முக்கியம். கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வாகனத்துக்கு உயர்ந்தபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீற்றர்.

பயிற்சி: மேலே தந்த பெட்டியில் (சாய்வு இல்லை) புவியீர்ப்பு மையம் அச்சுக்கு 0.4 மீற்றர் முன்னால் இருக்குமாறு சுமை ஏற்றப்பட்டுள்ளது.
(அ) குண்டின் மீதான விசையைக் காண்க.
(ஆ) அது மொத்த நிறையின் எத்தனை சதவீதம்?
(இ) இவ்வண்ணம் வீதியில் இறங்குவது பாதுகாப்பானதா? காரணம் தருக.
(விடை: 1600 நியூற்றன், 8 சதவீதம். மூன்றாவதை நீங்களே இரண்டு வசனங்களில் எழுதுங்கள்.)