28 வயதில் மறைந்த ஓவியர், 61.8 கோடி ரூபாய் ஏலம்: அம்ரிதா ஷெர்கில் படங்களுக்கு ஏன் இந்த விலை?

மும்பையில் வேலை பார்க்கும் உங்களுக்குக் கோடி என்ற சொல் புதிதல்ல. மாட்டுங்காவில் ஒரு டூ பிஹெச்கே விசாரித்தாலே பேச்சு கோடியில்தான் தொடங்கும். அப்படிப்பட்ட ஊரிலும் 61.8 கோடி பெரிய தொகை. 2023 செப்டம்பர் 16 அன்று, மும்பையைச் சேர்ந்த சாஃப்ரன்ஆர்ட் நிறுவனம் டெல்லியில் நடத்திய ஏலத்தில் ஒரே ஒரு படம் அந்த விலைக்குப் போனது. அம்ரிதா ஷெர்கில் 1937-ல் வரைந்த 'தி ஸ்டோரி டெல்லர்'. வீட்டு வாசலில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், பக்கத்திலேயே மாடுகள். அவ்வளவுதான் படம்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மும்பை புந்தோலே ஏலத்தில் எஸ்.எச்.ராஸாவின் 'ஜெஸ்டேஷன்' 51.75 கோடிக்கு விற்று, இந்திய ஓவியங்களில் முதலிடம் பிடித்திருந்தது. ஷெர்கில் அதைத் தாண்டினார். ஷெர்கில் இறந்து அப்போது 82 வருடம் ஆகப்போகிறது.

"நல்லா வரைஞ்சாங்க, அதனால விலை" என்று முடித்துவிடலாம். நன்றாக வரைந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இந்த விலைக்குப் பின்னால் எண்ணிக்கை இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது.

யார் இந்த அம்ரிதா?

1913 ஜனவரி 30-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா குடும்பம், சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், போட்டோ எடுப்பதில் பெரிய ஆர்வம். அம்மா ஹங்கேரிய இசைக் கலைஞர். 16 வயதில் பாரிஸ் போய் ஓவியம் படித்தார். அங்கே வரைந்த 'யங் கேர்ள்ஸ்' படத்துக்கு 1933-ல் தங்கப் பதக்கம். 1934 கடைசியில் இந்தியா திரும்பினார். 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில், தனது ஓவியக் கண்காட்சிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, திடீரென உடல்நலம் கெட்டு இறந்தார். இந்தியா வந்த பிறகு முழுசாக வரைய அவருக்குக் கிடைத்தது ஏழு வருடம்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 1936 இறுதியில் பம்பாய் வந்த அம்ரிதா, இங்கே வழக்கறிஞரும் கலை விமர்சகருமான கார்ல் கண்டாலாவாலாவைச் சந்தித்தார். பிறகு அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத் வழியாகத் தெற்கே இறங்கி, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்தார், கன்னியாகுமரி வரை போனார். சிம்லா திரும்பியதும் வரைந்தவைதான் 'தென்னிந்திய மூன்று படங்கள்' என்று கலை உலகம் சொல்பவை: மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்து மக்கள். அவரது கோடும் நிறமும் மாறியது இந்தப் பயணத்தில்தான். 61.8 கோடிப் படமும் அதே 1937-ல் வந்தது. ஷெர்கில் என்றாலே பாரிஸ், சிம்லா என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தத் தெற்குப் பயணத்தை ஒரு வரியில் கடப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. கையில் இருந்த படங்களை விற்கப் பார்த்தார். ஹைதராபாத்தில் நவாப் சாலார் ஜங் திருப்பி அனுப்பிவிட்டார். மைசூர் மகாராஜா ரவி வர்மா படங்களே போதும் என்று முடிவு செய்தார். 1937-ல் பம்பாய் ஆர்ட் சொசைட்டி 'மூன்று பெண்கள்' படத்துக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. பாராட்டு கிடைத்தது, வாங்க ஆள் குறைவு.

மார்க்கெட்டில் எத்தனை படம் இருக்கிறது?

இங்கேதான் கணக்கு. அவர் வரைந்ததாக ஆவணப்படுத்தப்பட்டவை ஏறத்தாழ 170. அதில் பாதிக்கும் மேல், நூறை ஒட்டி, டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடத்தில் இருக்கின்றன. அவர் இறந்த பிறகு அப்பாவும், கணவர் விக்டர் எகானும் அரசுக்குக் கொடுத்த படங்கள்தான் அந்தத் தொகுப்பின் அடித்தளம். அவை ஏலத்துக்கு வரப்போவதில்லை. மீதி குடும்பத்தினரிடமும் தனியாரிடமும் இருக்கிறது. அதிலும் பல பாரிஸில் மாணவியாக இருந்த காலத்துப் படங்கள். இந்தியா திரும்பிய பிறகு வரைந்த, பெரிய அளவு, முதிர்ந்த படம் ஒன்று ஏலத்துக்கு வருவதே அபூர்வம். அதனால் வரும்போது, காசுள்ளவர்கள் "அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று விடுவதில்லை.

ஏலத்தில் போன முக்கியப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2006-ல் டெல்லியில் ஓசியன்ஸ் ஏலத்தில் 'வில்லேஜ் சீன்' 6.9 கோடி. 2018 நவம்பரில் சோத்பீஸ் மும்பையில் நடத்திய முதல் ஏலத்தில், தாஜ் மஹால் பேலஸ் ஓட்டலில், 'தி லிட்டில் கேர்ள் இன் புளூ' 18.69 கோடி. 2021-ல் சாஃப்ரன்ஆர்ட்டில் 'இன் தி லேடீஸ் என்க்ளோஷர்' 37.8 கோடி. பிறகு 61.8.

2006-ஐயும் 2023-ஐயும் இணைத்து எக்செல்லில் போட்டால் வருடத்துக்குச் சுமார் 13–14% வளர்ச்சி என்று வரும். "கலையில் முதலீடு செய்யுங்கள்" என்று உங்களுக்கு வரும் விளம்பரங்களில் இந்த மாதிரி எண்ணைத்தான் காட்டுவார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். இவை நான்கும் வெவ்வேறு படங்கள். ஒரே படத்தை வாங்கி விற்ற லாபம் அல்ல. தவிர, உச்சியில் போனவற்றை மட்டும் பொறுக்கி எடுத்த பட்டியல் இது. விலை போகாமல் திரும்பிய படங்கள் இந்தக் கணக்கில் வராது. பங்குச் சந்தையில் ஜெயித்த கம்பெனிகளை மட்டும் வைத்து சராசரி சொல்வது போலத்தான்.

இன்னொரு சின்ன விஷயம்: 61.8 கோடி முழுவதும் விற்றவர் கைக்குப் போகாது. ஏலதாரர் சுத்தியைத் தட்டும்போது நிற்கும் தொகை 'ஹேமர் பிரைஸ்'. அதன் மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கமிஷன் 'பையர்ஸ் பிரீமியம்'. செய்தியில் வருவது பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972. நூறு வருடம் ஆன ஓவியம் தொல்பொருள் ஆகிவிடும். அவ்வளவு வயது ஆகாவிட்டாலும், மத்திய அரசு ஒரு படைப்பைக் 'கலைச் செல்வம்' என்று அறிவிக்கலாம். ஒரே நிபந்தனை, அந்தக் கலைஞர் உயிரோடு இருக்கக் கூடாது. ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், ஜாமினி ராய், நந்தலால் போஸ் உட்பட ஒன்பது பேரின் படைப்புகளுக்கு இந்த அந்தஸ்து. ஒன்பதில் ஒரே பெண் அம்ரிதா.

அப்படின்னா விற்கக் கூடாதா? விற்கலாம், வாங்கலாம். இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோகத்தான் முடியாது. மத்திய அரசோ அது அனுமதித்த அமைப்போ மட்டுமே வெளியே அனுப்ப முடியும். மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே வெளிநாட்டில் இருந்த படங்களை இது கட்டுப்படுத்தாது. 2015-ல் அவரது சுய உருவப்படம் ஒன்று நியூயார்க் சோத்பீஸில் சுமார் 29 லட்சம் டாலருக்கு விற்றது அப்படித்தான். தாராவியில் வீடு இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2000 ஜனவரி 1-க்கு முந்தைய காகிதம் கையில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறுகிறது இல்லையா? ஓவியச் சந்தையிலும் அதே கதைதான். இந்தப் படம் எந்த வருடம் எங்கே, யார் வீட்டில் இருந்தது என்ற காகிதம்தான் பாதி விலை.

இதனால்தான் ஷெர்கில் விலையையும் ஹுசைன் விலையையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. 2025 மார்ச்சில் எம்.எஃப்.ஹுசைனின் 'கிராம் யாத்ரா' நியூயார்க் கிறிஸ்டீஸில் சுமார் 118 கோடிக்குப் போனது. 1954-ல் டெல்லி வந்திருந்த, நார்வேயில் பணியாற்றிய டாக்டர் ஒருவர் வாங்கிக் கொண்டுபோய், பிறகு ஓஸ்லோ மருத்துவமனைக்குச் சேர்ந்த படம் அது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கி எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். 'ஸ்டோரி டெல்லர்' வாங்கியவர் அதை இந்தியச் சுவரில்தான் மாட்ட வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டோடும் 61.8 கோடி.

ஓவியர் குடும்பத்துக்கு இதில் பங்கு உண்டா?

காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, பலருக்கும் தெரியாது. ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ விலையில் அதிகபட்சம் 10% வரை பங்கு கேட்கும் உரிமை. ஆனால் காப்புரிமை முடிந்தால் இந்த உரிமையும் முடிந்தது. ஓவியர் இறந்த பிறகு 60 வருடம்தான் காப்புரிமை. அம்ரிதா 1941-ல் இறந்ததால் 2001 முடிவோடு சரி. விலை உண்மையில் ஏறியது அதற்கு அப்புறம்தான். 70 வயது வரை வாழ்ந்திருந்தால் 2043 வரை அந்த உரிமை இருந்திருக்கும். இளம் வயதில் இறந்தால் படங்களும் குறைவு, பங்கு கேட்கும் காலமும் சீக்கிரம் முடிகிறது.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் கே.ராமானுஜம். 1966-ல் கே.சி.எஸ்.பணிக்கர் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தைச் சேர்ந்தவர். கனவில் வரும் நகரங்களை இங்க்கில் வரைந்தவர். 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். அவர் படங்களுக்குக் கலைச் செல்வ அந்தஸ்து கிடையாது. ஆனால் சட்டப்படி மறுவிற்பனைப் பங்கு கேட்கும் உரிமை 2033 வரை உயிரோடு இருக்கிறது.

சரி, நமக்கென்ன?

சட்டம் படத்தை நாட்டுக்குள் வைத்திருக்கிறது. நம் கண்ணில் படும்படி வைத்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. வாங்கியவர் அதைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதே 1972 சட்டத்தில் 19-வது பிரிவு, ஒரு கலைச் செல்வத்தைப் பொது இடத்தில் வைப்பது நல்லது என்று மத்திய அரசு கருதினால், இழப்பீடு கொடுத்துக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள அதிகாரம் தருகிறது. 61.8 கோடி என்ற விலை வந்த பிறகு இழப்பீட்டுப் பேச்சு எங்கிருந்து தொடங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் விலை ஏற ஏற, அரசு அந்தப் பிரிவைத் தொடுவது கஷ்டமாகிக்கொண்டே போகும் என்பது என் கருத்து.

அதனால் பார்க்க விரும்பினால் இரண்டு வழி. டெல்லிக்கு ஆபீஸ் வேலையாகப் போனால், இந்தியா கேட் பக்கத்தில் இருக்கும் ஜெய்ப்பூர் ஹவுஸுக்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள். 'பிரம்மச்சாரிகள்' இருப்பது அந்தத் தொகுப்பில்தான். மும்பையிலேயே என்றால், ஏலத்துக்கு முந்தைய நாட்களில் நிறுவனங்கள் படங்களைப் பார்வைக்கு வைப்பார்கள். சாஃப்ரன்ஆர்ட் கேலரி இருப்பது பிரபாதேவியில். மாட்டுங்கா ரோடில் ஏறினால் தாதருக்கு அடுத்த ஸ்டேஷன். செம்பூரிலிருந்து வருபவர்கள் குர்லாவில் மாறி தாதரில் இறங்கிவிடலாம். வாங்குகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு போகத் தேவையில்லை. அடுத்த ஷெர்கில் ஏலச் செய்தி கண்ணில் பட்டால், அந்த நாலைந்து நாளில் போய்விடுங்கள். சுத்தி தட்டிய பிறகு, படத்தை யாருக்குக் காட்டுவது என்பது வாங்கியவர் விருப்பம்.