சொன்ன தேதிக்கு வராத வண்டி

மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து வேளச்சேரி, தாம்பரம், சோழிங்கநல்லூர் என்று நாலாபுறமும் சரக்கு அனுப்பும் நமக்கு வண்டிதான் இரண்டாவது கடை. அந்த வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு, சொன்ன தேதிக்கு வண்டியும் வராமல், கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லாமல் அலைகிறவர்கள் நம் வியாபாரிகளிலும் உண்டு.

ஒரு காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம் வரை காத்திருந்தோம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு லைசென்ஸ் தீர்மானித்த காலம் அது. 1991-இல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த முறை நீங்கியது. காத்திருப்பு மட்டும் அடியோடு நீங்கவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை அமைத்த ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம், 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு ஸ்கூட்டர் முன்பதிவு தொடங்கியது. ஒரே நாளில் ஒரு லட்சம் பதிவுகள். அக்டோபரில் தொடங்கவேண்டிய டெலிவரி, சிப் தட்டுப்பாட்டால் டிசம்பருக்குப் போயிற்று. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் தேசிய உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் 10,644. அவற்றில் சர்வீஸ் தாமதம் 3,389. வண்டி டெலிவரி தாமதம் 1,899. புகார்களில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டதாக நிறுவனம் பதில் அளித்தது.

தாமதம் எந்தத் தொழிலிலும் வரும். மழையில் லாரி நின்றால் நமக்கும் சரக்கு வராது. ஆனால் சில்லறைக் கடைக்காரருக்கு அன்றே சொல்லிவிட்டால் அவர் வேறு வழி பார்த்துக்கொள்வார். சொல்லாமல் விட்டால்தான் கோபம்.

வண்டி வாங்குவோர் கவனிக்க: டெலிவரி தேதி, விலை, ரத்து செய்தால் பணம் திரும்பும் விதம் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். தாமதமானால் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஒன்று முக்கியம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்குபவருக்கு விலக்கு உண்டு. ஆகவே பெரிய வியாபாரிக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறக்காமல் போகலாம்; அவருக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தமே துணை.

வண்டிக் கம்பெனியிடம் நாம் எதிர்பார்க்கும் அதே பதிலை நம் கடைக்கு வருபவரும் நம்மிடம் எதிர்பார்க்கிறார். அதை மறவாதிருப்போம்.