இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும்

கருவுற்ற தாய்மாரின் இரத்தசோகையைத் தடுக்க, 1970-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியாக இரும்புச்சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. 2014-இல், நாளொன்றுக்கு 1 கிராம் சுண்ணாம்புச்சத்தும் வழங்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. இவ்விரண்டையும் ஒரே வேளையில் உட்கொண்டால் பயன் குன்றும். இரும்பு கரைந்து உடலில் சேர இரைப்பை அமிலம் துணைபுரிகிறது. சுண்ணாம்பு மாத்திரையிலுள்ள கால்சியம் கார்பனேட்டோ அவ்வமிலத்தைத் தணிக்கிறது. குடல் இரும்பை ஈர்ப்பதையும் கால்சியம் தடுக்கிறது. ஆகவே, சுண்ணாம்புச்சத்தை உணவோடும், இரும்புச்சத்தைக் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விட்டும் உட்கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரையுடன் தேநீர், காப்பி, பால் கூடா, எலுமிச்சைச்சாறு நன்று. மாத்திரையுடன் இவ்விளக்கமும் தாயைச் சென்றடைந்தாலன்றி, அரசு செலவிடும் பொருள் முழுப் பயன் தராது.