பண்டாரவளை மலைக்குக் கீழே ஓடும் ஆறு

தோட்டத்தில் வளர்ந்த எனக்குத் தண்ணீர் என்றால் பீலிதான். வெயில் காலத்தில் பீலி மெலிந்தால் குடங்களின் வரிசை நீளும். அதனால், உமா ஓயா திட்டம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மின்சாரத்துக்கு முன்பு ஊற்றுத்தான் நினைவுக்கு வருகிறது.

வெலிமடைப் பக்கமாக ஓடி மகாவலியில் சேரும் ஆறு உமா ஓயா. அதன் நீரில் ஒரு பகுதியை மலைக்கு அடியால் திருப்பி, தெற்கே கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோவதே திட்டம். புகுல்பொல அணையிலிருந்து சுரங்கம் வழியாக டயரபா அணைக்கு நீர் வருகிறது. அங்கிருந்து சுமார் 15 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய சுரங்கம். அதன் முடிவில் 600 மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்குச் செங்குத்தாக விழும் நீர், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிய நிலத்தடி மின் நிலையத்தில் 120 மெகாவொட் வரை மின்சாரம் தருகிறது. பிறகு மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்குப் போகிறது.

2008இல் அடிக்கல் நடப்பட்டது. ஈரானின் பராப் நிறுவனம் கட்டியது. 2024 ஏப்ரல் 24 அன்று ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி முன்னிலையில் திறக்கப்பட்டது.

இடையில் நடந்ததைப் பண்டாரவளை மறக்காது. 2014 இறுதியில் சுரங்கம் தோண்டும்போது உள்ளே நீர் பீறிட்டது. மலைப்பாறை பார்வைக்குத்தான் திடமானது. அதன் வெடிப்புகளில் மழைநீர் தேங்கி நிற்கும். கிணறும் பீலியும் அந்தச் சேமிப்பில்தான் வாழ்கின்றன. அடியில் துளை விழுந்தால் நீர் அங்கே வடியும், நிலத்தடி நீர்மட்டம் இறங்கும். நீர் வடிந்த மண் அமுங்க, மேலே சுவர் வெடிக்கும். கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளை மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

சுரங்கச் சுவருக்குக் கொங்கிறீட் பூசலாம், வெடிப்புகளுக்குள் சீமெந்துக் கலவை செலுத்தி அடைக்கலாம். ஆனால் வற்றிய ஊற்று அதே இடத்தில் திரும்ப ஊறும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இழப்பீடு கேட்கப் போனால் முதலில் கேட்பது காணி உறுதி. லயத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களிடம் இல்லாதது அதுதான். சுவர் வெடித்தால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பீலி வற்றினால் குடம் சுமப்பது மட்டும் நம் பெண்கள். அடுத்த சுரங்கத்துக்கு வரைபடம் போடுமுன், மேலே இருக்கும் கிணறுகளோடு பீலிகளையும் எண்ணிப் பதிவு செய்யுங்கள். பதிவில் இல்லாத பீலி வற்றினால், அதற்குச் சாட்சியும் இருக்காது.